ஸாலியின் பெயர் விழுந்த வரி

ஸாலி குரியாக்கோஸை எங்கள் மருத்துவமனையில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. வாய் அப்படி. ஏப்ரல் வெயிலில் எங்கள் ஊரில் குளிர்ந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது சர்வர் அறைதான். நர்ஸுகள் "ஸாலிச் சேச்சி, ரெண்டே நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டு உள்ளே வருவார்கள். மருந்துக்கடைக்காரர் தன் மோர்ப் பாத்திரத்தை ஓசைப்படாமல் கொண்டு வந்து வைப்பார். ஒரு நாள் அவள் அந்தப் பாத்திரத்தை எடுத்துப்போய் வாசலில் நின்ற தெருநாய்க்கு ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரத்தைக் கழுவி அவர் மேசையில் வைத்தாள். "கழுவித்தானே வெச்சிருக்கேன், இன்னும் என்ன?" என்றும் கேட்டாள். இப்படிப்பட்டவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால் எத்தனை பேர் பக்கத்தில் வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான் நின்றேன். என் பெயர் ஓமனக்குட்டன். நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் அறை என்னுடையது. அவளுடைய அறைக்கு அடுத்த கதவு. என்னையும் அவள் திட்டியிருக்கிறாள். ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டாள். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில், "பார்த்துட்டுச் சொல்றேன்." பார்ப்பாள். பிறகு சொல்வாள். அது நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அப்படியே சொல்வாள். எங்கள் ஊரில் பலருக்கும் அது வியாதியாகத் தெரிந்தது.

கணவன் குரியாக்கோஸ் குவைத்துக்குப் போய், அங்கே வேறு ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்கிறவன். பிள்ளை இல்லை. காலையில் கப்பக்கிழங்கையும் மீன்கறியையும் ஒரே டப்பாவில் அடைத்துக்கொண்டு வருவாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தவள், பாதிரியாரின் தம்பிக்குச் சுருதி சேரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் எங்களுக்குத் தர முத்திரை கொடுப்பதற்காக டில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. குழு வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி என்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் நடக்கப்போகும் தாழ்வாரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிப்போம். நர்சரியிலிருந்து பூந்தொட்டிகளை இரவல் வாங்கி வரிசையாக வைத்து, குழுவின் கார் பாலம் தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்த முறை சூப்பரண்ட் டாக்டர் குறுப்புக்கு இன்னொரு யோசனை வந்தது. சர்வரைக் காட்டச் சொன்னால் என்ன காட்டுவது?

சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அழித்தார்கள் என்று ஒவ்வொன்றையும் நேரத்தோடும் பெயரோடும் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதை லாக் என்பார்கள். இது தவிர, தினமும் மதியம் வெளிநோயாளிகள் கூட்டம் ஓய்ந்ததும், எல்லாத் தகவல்களையும் ஸாலி தன் கையால் ஒரு நகல் எடுப்பாள். அந்த வேலையும் தனக்கென்று ஒரு லாக் எழுதும். அதில் ஒவ்வொரு வரியும் அவள் பெயரில்தான் தொடங்கும்.

"எதுக்கு ரெண்டு? எல்லாம் ஒரே ஃபைல்ல வரட்டும். காட்டறதுக்குத் தடிமனா இருக்கும்," என்றார் குறுப்பு சார்.

எர்ணாகுளத்திலிருந்து வந்த கம்பெனி ஆள் தலையாட்டிவிட்டு, இரண்டையும் ஒரே கோப்பில் எழுத வைத்துவிட்டுப் போனான்.

"சாரே, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. வரியெல்லாம் கெட்டுப்போய் வருது," என்று ஸாலி மறுவாரமே போய்ச் சொன்னாள். நானும் அப்போது அந்த அறையில் ஒரு கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும்மா அதைப் படிக்கப் போறா?" என்றார் அவர்.

குழு வந்தது. கோப்பின் பருமனைப் பார்த்தது. முத்திரை கிடைத்தது. பூந்தொட்டிகள் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகுதான் பாப்பச்சன் செத்தார். ரப்பர் வெட்டுகிறவர். காலையில் நெஞ்சு எரிகிறது என்று வந்தார். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் வாயு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது இளைய டாக்டர். அவர் குறுப்பு சாரின் மருமகன். பாப்பச்சன் பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டார். அவர் மகள் ஜின்ஸி, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் வேலை செய்கிறவள். அவள் போனுக்கு, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு தயார் என்று ஆஸ்பத்திரியின் குறுஞ்செய்தி வந்திருந்தது. அடக்கம் முடிந்து அவள் அந்த முடிவைக் கேட்டு வந்தபோது, அப்படி ஒரு பரிசோதனையே செய்யவில்லை என்றது கம்ப்யூட்டர்.

அவள் விடவில்லை. பத்திரிகைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நிர்வாகம் லாக்கை எடுத்துப் பார்த்தது. பாப்பச்சனின் முடிவு அழிக்கப்பட்ட வரி இருந்தது. அந்த வரியின் தலையில் இருந்த பெயர் ஸாலி.

அன்றைக்கே சஸ்பென்ஷன். அவள் பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் இறங்கும்போது ஜின்ஸி எதிரே வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பச்சன் உனக்கு என்னடி செஞ்சாரு? சொல்லு! உன்னை அவரு பார்த்ததுகூடக் கிடையாதே!"

 எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடி நின்ற அத்தனை பேரும், மோர்ப் பாத்திரக்காரர் உட்பட, அதை ஒரு திருப்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் என் வீட்டுக்கு வந்தாள். "குட்டன் சேட்டா, வேலை போனா போகட்டும். எனக்கு அது பெரிசில்ல. அந்தப் பொண்ணுகிட்ட போய், நான் அழிக்கலைன்னு சொல்லணும். சும்மா வாயால இல்ல. காட்டிச் சொல்லணும்."

யூனியன் செயலாளர் பவித்ரன் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தான். குற்றப்பத்திரிகைக்கு ஆதாரமாக அந்த ஒரு வரியை மட்டும் கொடுத்தால் போதாது, முழு லாக்கும் வேண்டும் என்று நிர்வாகத்தின் வாசலில் கொடி பிடித்து உட்கார்ந்தான். ஒரு மூட்டை காகிதம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஸாலி உட்கார்ந்தாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரிகள் என்றால் வரிகள். ஆனால் அவள் காட்டக் காட்டத் தெரிந்தது. சில வரிகள் ஸாலி என்று தொடங்கி, நடுவில் சம்பந்தமே இல்லாமல் பிரசவ வார்டின் கட்டில் எண்ணில் போய் முடிந்தன. சிலவற்றில் மருந்துப் பெயர் பாதியில் முளைத்தது.

"பேய் எழுதின மாதிரி இருக்கே," என்றாள் என் மனைவி.

"பேயா இருந்தா நல்லா எழுதியிருக்கும் சேச்சி," என்றாள் ஸாலி.

கெட்ட வரிகளையெல்லாம் சிவப்பில் கோடு போட்டுக்கொண்டே போனாள். இரண்டு லாக்கையும் ஒன்றாக்குவதற்கு முந்தைய பக்கங்களில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் உண்டு. ஆனால் அவள் நகலெடுக்கும் மதிய நேரத்தில் மட்டும். பாப்பச்சனின் முடிவை அழித்த வரி விழுந்ததும் அந்த நேரத்தில்தான். அதோடு ஒரே ஒரு வேலைநாள் மட்டும் முழுதாகச் சுத்தமாக இருந்தது. காலை முதல் சாயங்காலம் வரை ஒரு வரிக்கும் காயம் இல்லை.

"இந்த நாள் என்ன நாள்?" என்று கேட்டாள்.

என் மனைவி காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஹர்த்தால்ல? பஸ் இல்ல, கடை இல்ல. நீயும்தான் வேலைக்குப் போகலையே."

ஸாலி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் வராத நாளில் நகல் இல்லை. நகல் இல்லாத நாளில் கெட்ட வரி இல்லை.

"நம்ம நாட்டுல ஹர்த்தாலால ஒருத்தருக்கு நல்லது நடக்கறது இதுதான் முதல் தடவை," என்றேன்.

அவள் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒரே தாளில் இரண்டு பேர் எழுதுகிறார்கள்; ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. சர்வர் ஒரு நீளமான வரியை எழுதுகிறது. தலையில் ஆளின் பெயர், வாலில் அவர் செய்த வேலை. அதே இடத்தில் நகல் வேலை ஒரு குட்டையான வரியை எழுதுகிறது. குட்டை வரி, நீள வரியின் தலையை மூடிவிடும். வால் மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். படிக்கிறவனுக்கு ஒரே வரியாகத் தெரியும்: பெயர் ஸாலி, வேலை இன்னொருவருடையது.

"அப்போ அடியில இருந்த பேரு?" என்று கேட்டேன்.

"போச்சு. அது மேலதான் என் பேரு உட்கார்ந்திருக்கு. தோண்டினாலும் வராது." பிறகு வேறொரு தாளை எடுத்து விரலால் காட்டினாள். "ஆனா இதைப் பாருங்க. அழிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் உள்ள வந்திருக்காரு. அழிச்ச உடனே வெளிய போயிருக்காரு. இந்த ரெண்டு வரியும் முழுசா இருக்கு. அந்த நேரத்துல லேப் முடிவுகளை அழிக்க அதிகாரம் உள்ள ஆள் வேற யாரும் உள்ள இல்ல."

பெயரைப் படித்தேன். குறுப்பு சார். அவர் அறைக் கம்ப்யூட்டர்.

விசாரணை அதிகாரியாக நிர்வாகம் போட்டது அச்சுத வாரியரை. ஓய்வுபெற்ற வக்கீல், மூக்குப்பொடிக்காரர், யாருக்கும் கெட்டவர் இல்லை. விசாரணை நாளில் கூட்ட அறையின் மேசையில் ஸாலி இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வைத்தாள். ஒரு பக்கம் பவித்ரன், பக்கத்தில் சாட்சியாக நான். எதிரே குறுப்பு சார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அவள் இரண்டு வேலைகளையும் ஒரே கோப்பில் எழுத விட்டாள். வரிகள் ஓடின. எல்லாம் சுத்தம். மறுபடி விட்டாள். மறுபடியும் சுத்தம்.

"ரொம்ப அழகா வருதே மோளே," என்றார் குறுப்பு சார். பவித்ரனுக்கு வியர்த்தது. எனக்கு அந்த ஆளின் காலை இழுத்துக் கீழே போடலாம் போலிருந்தது.

ஸாலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் தப்பாப் பண்ணிட்டேன்," என்றாள். பவித்ரன் தலையில் கை வைத்தான். "அந்தக் கம்பெனி ஆள் வெச்ச மாதிரி வைக்கல. எழுதறதுக்கு முன்னாடி கடைசி வரிக்கு அடியில போய் எழுதுன்னு சொல்ற ஒரு ஏற்பாடு உண்டு. கை பழக்கத்துல அதையும் சேர்த்துப் போட்டுட்டேன். அவன் போடல." அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட விட்டாள்.

இந்த முறை வரிகள் கிழிந்து கிழிந்து வந்தன. வாரியர் மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் தன் பெயரைக் குட்டை வரியிலும், 'வாரியர்' என்று நீள வரியிலும் போட்டிருந்தாள். திரையில், வாரியர் அழித்ததையெல்லாம் ஸாலி அழித்ததாக ஒரு வரி வந்து நின்றது.

"அடடா," என்றார் வாரியர். "நான் செஞ்ச பாவம் உன் தலையில!" அறை முழுக்கச் சிரித்தது. குறுப்பு சார் காலை இறக்கினார்.

அப்போதுதான் ஸாலி அந்த இரண்டு முழு வரிகளை மேசையில் வைத்தாள். உள்ளே வந்தது, வெளியே போனது, யாருடைய அறை. சிரிப்பு நின்றது. வாரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

"மோளே, இது எந்த லாக்ல இருக்கு?"

"அதே லாக்தான் சார்."

"அதே லாக்." அவர் குரலில் கிண்டல் இல்லை, உண்மையாகவே சங்கடப்பட்டார். "இந்த லாக்ல வர்ற பேரை நம்பக்கூடாதுன்னு இப்பத்தான் நீ எனக்குக் காட்டின. நானும் ஒத்துக்கிட்டேன். இப்போ இதே லாக்ல இன்னொருத்தர் பேரு வருது, அதை நம்புங்கன்னா எப்படி நம்பறது?"

"சார், கிழிஞ்ச வரி வேற, முழு வரி வேற. பார்த்தாலே தெரியும்."

"உனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாதே. நான்தானே எழுதணும்."

குறுப்பு சார் மெதுவாக எழுந்து, "எம் ரூம்ல பத்துப் பேரு வந்து போறாங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

உத்தரவு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலன் ஊழியருக்கு அளிக்கப்படுகிறது, வேலையில் திரும்பச் சேரலாம். பவித்ரன் வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு கட்டினான். போராட்டம் வென்றதாம். போர்டில் அவன் படம் பெரிதாகவும் ஸாலியின் படம் முத்திரை அளவிலும் இருந்தன. எல்லாருக்கும் பரிப்பு வடையும் கட்டன் சாயாவும். ஸாலி வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செயலாளரே, நான் செய்யலைன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"வேலை கிடைச்சிருச்சுல்ல சேச்சி? இதுக்கு மேல என்ன வேணும்?"

"சந்தேகம் எனக்குத்தானே வந்து சேர்ந்திருக்கு. பலன் யாருக்கோ போயிருக்கு," என்று வடையை அவன் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். திமிர் பிடித்தவள் என்று அன்றைக்கும் பேசினார்கள்.

போன கையோடு லாக்குகளை இரண்டாகப் பிரித்தாள். அன்றிலிருந்து ஒரு வரியும் கெடவில்லை. அவ்வளவு சின்ன வேலை அது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பேக்கரிக்குப் போனோம். ஜின்ஸி பழம்பொரியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். ஸாலி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். காகிதத்தில் வரைந்தும் காட்டினாள். ஜின்ஸி கடைசிவரை கேட்டாள்.

"சேச்சி செய்யலைன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"இல்ல. நிரூபிக்கலைன்னு குடுத்திருக்காங்க."

"அப்போ சேச்சி தப்பிச்சிட்டீங்க." அதில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தாலாவது தேவலை. "நான் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கேன். இதையெல்லாம் அங்க வந்து சொல்லுவீங்களா?"

ஸாலி முதல் தடவையாக, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "வர்றேன்," என்றாள்.

வேலையிலிருந்துகொண்டே வேலை கொடுப்பவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போவது எப்படி என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் பெயர் சாட்சிப் பட்டியலில் வந்த மாதமே, கம்ப்யூட்டர் பிரிவை எர்ணாகுளம் கம்பெனிக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இந்த முறை பவித்ரனிடம் கொடி இல்லை. ஒப்பந்த ஊழியர் விஷயம் யூனியனின் வரம்பில் வராதாம். முதல் தடவை எந்த வரம்பில் வந்தது என்று கேட்டேன். அவன் என் சந்தாவைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டான்.

கோட்டயத்தில் கேஸ் எடுக்கப்பட்டபோது மழைக்காலம். ஸாலி தான் புதிதாகச் சேர்ந்த துணிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் நனையாமல் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் ஜின்ஸியின் வக்கீல் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள்: ஹர்த்தால் நாள், கிழிந்த வரி, முழு வரி, குறுப்பு சாரின் அறை. நன்றாகவே சொன்னாள். பிறகு ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்தார். இளம் வயது, கையில் வாரியரின் விசாரணை அறிக்கை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், இந்த லாக்கை நம்பக்கூடாதுன்னு விசாரணையில ரெண்டு கம்ப்யூட்டரை வெச்சு நிரூபிச்சது நீங்கதானே?"

"அந்தக் கிழிஞ்ச வரிகளை..."

"ஆமாவா, இல்லையா, மேடம்?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமாம்," என்றாள்.

"தேங்க் யூ மேடம். வேற கேள்வி இல்ல."

அழிக்கப்பட்டது என்று சொல்லும் வரியே நம்பத்தக்கதல்ல. ஆகவே, அழிக்கப்பட்டது என்பதற்கே ஆதாரம் இல்லை. குறுஞ்செய்தி இயந்திரக் கோளாறாகவும் இருக்கலாம். தீர்ப்பு அவ்வளவுதான். குறுப்பு சார் வரவேகூட இல்லை.

வெளியே படியில் மழைக்கு ஒதுங்கி மூவரும் நின்றோம். ஜின்ஸி அழவில்லை. சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சேச்சி, அன்னிக்கு விசாரணையில நீங்க அந்த ரெண்டு கம்ப்யூட்டரை வெச்சுக் காட்டாம இருந்திருந்தா இன்னிக்கு இந்த லாக் செல்லுபடியாகியிருக்குமா?"

 எனக்கு ஸாலியைத் தெரியும். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

"செல்லுபடியாகியிருக்கும். உங்க அப்பச்சன் ரிப்போர்ட்டை அழிச்சாங்கன்னு இங்க ஒத்துக்கிட்டிருப்பாங்க. அழிச்சது நான்னு எழுதியிருப்பாங்க. உனக்கு நஷ்டஈடு கிடைச்சிருக்கும்."

"அந்தக் குறுப்பு சாருக்கு?"

"அவருக்கு ரெண்டுலயும் ஒண்ணும் ஆகியிருக்காது, மோளே."

ஜின்ஸி அவள் முகத்தைப் பார்த்தாள். இவள் அழிக்கவில்லை என்பதை அந்தப் பெண் நம்பியது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். நம்பி என்ன பயன்? பஸ் வந்தது. ஜின்ஸி ஏறி, திரும்பிப் பார்க்காமல் முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். ஸாலி அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றாள்.